நோக்குக்கூலி வாங்குவது யார்?

2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி ஏறக்குறைய 12,000 பேரை வேலையிலிருந்து அனுப்பப்போவதாக அறிவித்தது. தொழில்நுட்பம் மாறுகிறது, ஆட்களின் திறன் பொருந்தவில்லை என்று கம்பெனி காரணம் சொன்னது. பத்திரிகைகளோ செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, படித்தவன் வேலையை இயந்திரம் பிடுங்கப் போகிறது என்று பதறின. கூலிவேலை இல்லாத உலகத்தில் மனிதன் எதைக்கொண்டு வாழ்வான், செல்வத்தை எப்படிப் பங்கிடுவது என்று கருத்தரங்குகளும் டி.வி. விவாதங்களும் நடந்தன.

பதறட்டும், பதற வேண்டிய விசயம்தான். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். நாஞ்சில்நாட்டு வயல்களில் அறுப்பு மெஷின் இறங்கி, தலைமுறை தலைமுறையாய்க் கதிர் அறுத்த சனத்தை வரப்பில் நிறுத்தியதே, அன்றைக்கு இந்தக் கேள்வியை ஏன் எவரும் கேட்கவில்லை? அன்றைக்கு அதற்குப் பெயர் 'வேளாண்மை நவீனமாதல்'. அரிவாள் கையைவிட்டுப் போனால் வளர்ச்சி. கணினி கையைவிட்டுப் போனால் நெருக்கடி. இந்த நாட்டில் வேலை போவதற்கும் சாதி இருக்கிறது தோழர்களே.

தோவாளை, அகத்தீசுவரம் தாலுகாக்களில் வருசத்துக்கு ரெண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. அறுப்பு என்றால் சேரி முழுக்க வயலில்தான் கிடக்கும். கதிர் அறுத்து, கட்டு கட்டி, தலைச்சுமையாய்க் களத்தில் சேர்த்து, அடித்து, சூடு மிதித்து, தூற்றி, பொலி அளந்து கொடுக்கும்வரை நம்ம சனத்தின் வேலை. கூலி நெல்லாகவே வரும். அளக்கிற மரக்கால் பண்ணையார் வீட்டு மரக்கால், அளக்கிற கையும் அவர்கள் கை. அதில் எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சு என்று கேட்க நாதியில்லை. ஆனாலும் அந்த நெல்தான் மழைக்காலத்துக் கஞ்சி. அதிலேதான் பிள்ளைக்குச் சிலேட்டு, கிழவிக்குச் சேலை.

மெஷின் வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வயலில் இறக்குகிறார்கள். கையால் அறுத்தடித்தால் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருநாள் வேலை உள்ள ஒரு ஏக்கரை ஒரு மணிக்கூர் அளவில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. நெல் தனியே, வைக்கோல் தனியே. வரப்பில் நிற்கிற பெண்கள் சிந்தின கதிர் பொறுக்கலாம். அதுவும் மெஷின் விட்டுவைத்தால்.

இதைச் சொல்லும்போது சிலர் பழைய அறுப்புக்களத்தைப் பொற்காலம்போலப் பாடத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பாட்டில் நமக்குப் பங்கில்லை. இடுப்பொடிய குனிந்து அறுத்தது யார், களத்தில் தள்ளி நிறுத்தப்பட்டது யார், சிரட்டையில் தண்ணீர் குடித்தது யார் என்பது நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்றால் அது நாம் பெற்ற வெற்றி. 'ஆள் கிடைக்கல, அதான் மெஷின்' என்று நிலக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் பாதி உண்மை உண்டு. கேட்ட நேரத்துக்கு, கொடுத்த கூலிக்கு, வாய் திறக்காமல் வரும் ஆள் கிடைக்கவில்லை என்பது அந்தப் பாதி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் அடைத்துக் கொளுத்தியது எதற்காக? அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கும், சங்கத்துக் கொடியை இறக்க மறுத்ததற்கும். மெஷின் அரைப்படி கேட்காது, கொடி பிடிக்காது. ஆண்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருபது பேர் கூலி மிச்சமாகிறதே, அந்த மிச்சம் எங்கே போகிறது? இது ஒன்றுதான் நம் கேள்வி.

நம் எல்லைக்கு அந்தப்பக்கம் 'நோக்குக்கூலி' என்று ஒரு சொல் உண்டு. களியக்காவிளை தாண்டிப் போய்வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். லாரிச் சரக்கை கிரேன் இறக்கினாலும், உரிமையாளரே இறக்கினாலும், பக்கத்தில் நோக்கி நிற்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நாடே சிரித்தது. உழைக்காமல் கூலியா, இது பகல்கொள்ளையல்லவா என்றார்கள். 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்தது. ஏழை வீடு கட்டச் செங்கல் இறக்கினாலும் வழிமறித்தார்கள் என்பதால் அந்த முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஏழையிடம் ஏழை பிடுங்குவது பங்கீடாகாது.

ஆனால் அந்தச் சொல்லை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயலில் மெஷின் ஓடுகிறது. டிரைவர் ஓட்டுகிறார், அவருக்குக் கூலி. வரப்பில் ரெண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தர் நிலத்துக்குச் சொந்தக்காரர், இன்னொருத்தி நேற்றுவரை அந்த வயலில் அறுத்தவள். ரெண்டு பேரும் நோக்கித்தான் நிற்கிறார்கள். நோக்கி நின்றவருக்குக் கோட்டை கோட்டையாய் நெல், நோக்கி நின்றவளுக்கு ஒன்றுமில்லை. அவர் வாங்குவதற்குப் பெயர் லாபம். அவள் கேட்டால் அதற்குப் பெயர் கொள்ளை. கம்பெனியில் பங்குப் பத்திரம் வைத்திருப்பவனும் இப்படி நோக்கி நிற்பவன்தான். மெஷின் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நோக்குக்கூலியும் கூடும். உலகம் முழுக்க இன்றைக்கு நடப்பது இதுதான்.

நிலம் அவருடையது, விளைச்சல் அவருடையது என்பார்கள். இருக்கட்டும். இந்த வயலுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? 1897 முதல் 1906 வரை பொதுப்பணத்தில் கட்டிய பேச்சிப்பாறை அணையிலிருந்து வருகிறது. சேறு மிதித்துப் பண்படுத்தியது எவருடைய பாட்டன்? திருவிதாங்கூரில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளான நம் முன்னோர். அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855ல். அன்றைக்கு அந்த அடிமைக்கு ஒரு சென்ட் நிலமாவது எழுதிக் கொடுத்தார்களா? வெறுங்கையோடு 'நீ சுதந்திரம்' என்றார்கள். வெள்ளைக்காரன் 1833ல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுன் நட்டஈடு கொடுத்தான். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. ஒரு உழைப்பு முறை முடியும்போதெல்லாம் கணக்குத் தீர்ப்பது இப்படித்தான். உடையவனுக்கு ஈடு, உழைத்தவனுக்கு வெறுங்கை. மெஷின் வந்தபோது நமக்கு நடந்ததும் அதுதான்.

பங்கு என்பது கடவுள் எழுதிவைத்தது என்று எவராவது சொன்னால் அவர்களுக்கு நாஞ்சில்நாட்டின் கதையையே சொல்லுங்கள். இங்கே வெள்ளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி இருந்தது. மாமன் சொத்து மருமகனுக்கு, பெற்ற பிள்ளைக்கு இல்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைக் கேலி செய்து 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். சங்கம் வைத்தார்கள், மனுக் கொடுத்தார்கள், சபையில் பேசினார்கள். 1926ல் சட்டமே வந்தது, பிள்ளைகளுக்கும் பாகம் கிடைத்தது. நூற்றாண்டுக் கணக்கில் வழக்கமாக இருந்த பங்குமுறையை ஒரு தலைமுறையில் மாற்ற முடிந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சொத்தை விளைவித்த புலையனுக்கும் பறையனுக்கும் அந்தப் பாகப் பத்திரத்தில் எந்த வரியும் இல்லை. பங்கின் விதியை மாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. யார் கேட்கிறார்கள், எவ்வளவு பலத்தோடு கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நம்மிடம் கேட்க என்ன ஆதாரம் இருக்கிறது? மற்ற மாவட்டத் தோழர்களுக்குப் பஞ்சமி நிலம் என்ற ஆயுதமாவது உண்டு. 1892ல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய நிலம் அது. அபகரித்துவிட்டார்கள், மீட்டெடு என்று முழங்கலாம். நாம் அப்போது திருவிதாங்கூர்க் குடிகள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பஞ்சமி நிலம் நமக்கு வரவில்லை. அந்தப்பக்கம் 1970ல் கேரளம் நிலச்சீர்திருத்தம் செய்தபோது நாம் அங்கேயும் இல்லை. அங்கே இருந்த நம் உறவுகளுக்கும் கிடைத்தது குடிசை நின்ற மூணு, அஞ்சு, பத்து சென்ட்தான். வயல் போனது பாட்டக்காரனுக்கு. உழுதவன் என்று சட்டம் சொன்னது பாட்டச்சீட்டு வைத்திருந்தவனை. சேற்றில் நின்றவன் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. ரெண்டு மாநிலத்துக் கணக்கிலும் விடுபட்டுப்போன சனம் நாம்.

இயந்திரத்தின் சாதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூலி கிடைக்கிற இடத்துக்கு ஓடிவந்த மெஷின், சாவு மட்டுமே கிடைக்கிற இடத்துக்கு ஏன் வரவில்லை? மலக்குழியில் மனிதனை இறக்கக்கூடாது என்று 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014லும், முப்பது லட்சம் என்று 2023லும் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். இந்தச் சாவுகள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு என்று ஒன்றிய அரசின் கணக்கே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆளிறங்காமல் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் ரோபோவை நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் இளைஞர்கள் சிலர் செய்து 2018லேயே வெளியிட்டார்கள். அதே திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். அவரைத் தேடுவதற்கு அந்த ரோபோவைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் பிணம்தான் கிடைத்தது. வேலைக்கு மனிதன், பிணம் தேட மெஷின். இதைவிடத் தெளிவாக இந்தச் சமூகத்தின் தொழில்நுட்பக் கொள்கையை எவரும் எழுதிவிட முடியாது.

காரணம் எளியது. வயலில் மனிதன் விலை கூடிவிட்டான், அதனால் மெஷின். சாக்கடையில் மனிதன் இன்னும் மலிவு, அதனால் மனிதன். அந்த மலிவைச் சாதி காத்து நிற்கிறது. மெஷின் வராத துப்புரவுப் பணியிலும் நிரந்தர வேலையை ஒழித்துத் தனியாரிடம் தள்ளுகிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 13 நாள் கிடந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அவர்கள் கேட்டது பார்த்த வேலைக்கு நிரந்தரமும் குறையாத சம்பளமும் மட்டும்தான்.

இயந்திரத்தை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்? பாபாசாகேப் அம்பேத்கர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காந்தி ராட்டையைக் காட்டி இயந்திரத்தைப் பழித்தபோது, 1945ல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்ததென்ன' நூலில் அவர் அதை மறுத்தார். மிருகம்போல் உழைத்துச் சாகும் வாழ்விலிருந்து மனிதனை விடுவிக்க இயந்திரம் வேண்டும், ஓய்வு இருந்தால்தான் பண்பாடு என்பது அவர் வாதம். இயந்திரத்தால் கேடு வந்தால் குற்றம் இயந்திரத்தின்மீது இல்லை, பலனைச் சிலர் மட்டும் அள்ளிக்கொள்ள விடும் சமூக அமைப்பின்மீது. அமைப்பை மாற்று என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. வைசிராய் சபையில் தொழிலாளர் துறையை அவர் ஏற்றிருந்த காலத்தின் முயற்சியால்தான் 1946 திருத்தச் சட்டம் ஆலைத் தொழிலாளியின் வாரவேலையை 54 மணியிலிருந்து 48 ஆக்கியது. 1947ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் நிலமும் அடிப்படைத் தொழில்களும் அரசுடைமை, சாதி பாராமல் கூட்டுப் பண்ணை, நிலப்பிரபுவும் இல்லை நிலமற்ற கூலியும் இல்லை என்று எழுதினார். பெரியாரும் 1940களில் 'இனிவரும் உலகம்' பேசியபோது இயந்திரம் வேலைநேரத்தைக் குறைக்கும், செல்வம் பொதுவாகும் என்று ரெண்டையும் சேர்த்தே பேசினார். நம் ஆட்சியாளர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியைச் சிலைக்குக் கீழே புதைத்துவிட்டார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்ததையும் பார்ப்போம். 2005ல் நூறுநாள் வேலைச் சட்டம் வந்தது. பண்ணையார் முகத்தைப் பாராமல் நம் பெண்கள் கூலி வாங்கியது அதில்தான். 'சும்மா உக்காந்து காசு வாங்குதுவ' என்று ஊர்க்காரர்கள் எரிச்சல்பட்டதும் அதனால்தான். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அளவெடுத்துக் கழித்தது போகக் கையில் வருவது வேறு. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று தாளில் கூட்டினார்கள். கூலிச் செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைத்தார்கள். விதைப்பு, அறுப்பு மும்முரத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தார்கள். விவசாயத்துக்கு ஆள் வேண்டுமாம்! அறுக்க மெஷின் இருக்கிறது, நமக்கு அங்கே வேலை இல்லை. பொதுவேலையும் அந்த மாசத்தில் இல்லை. அப்படியென்றால் அந்த அறுபது நாள் நாங்க என்னத்த தின்ன?

2023 செப்டம்பர் 15ல் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. உதவித்தொகை என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததை நாம் மதிக்கிறோம். கூலி இல்லாத வேலைக்கும் பங்கு உண்டு என்று ஒரு அரசு ஒத்துக்கொண்ட பெயர் அது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருமானத்தில் பொதுநிதி வைத்து 1982 முதல் வருசாவருசம் எல்லாக் குடிகளுக்கும் பங்கு கொடுக்கிறார்கள். பூமிக்கடியில் இருப்பது பொது என்றால் அணைத்தண்ணீரில் விளைந்தது பொதுவில்லையா? தலைமுறைகளின் அறிவெல்லாம் சேர்ந்து செய்த இயந்திரம் பொதுவில்லையா?

அதே சமயம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஆளுக்கு இவ்வளவு காசு கொடுத்துவிட்டு ரேசன், இடஒதுக்கீடு, நிலக் கோரிக்கை எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடலாம் என்று நினைக்கிற பெரிய மூளைகளும் உண்டு. காசு வேண்டும். ஆனால் காசு மட்டும் வாங்கிக்கொண்டு சேரியிலேயே கிட என்றால் அது பங்கில்லை, வாய்க்கரிசி.

நாம் முன்வைப்பவை இவை:

ஒன்று. கட்டுமானத்துறையில் கட்டடச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் தீர்வை வாங்கி நலவாரியம் நடத்த 1996லேயே சட்டம் வந்தது. பத்து லட்சத்துக்குள் சொந்த வீடு கட்டும் ஏழைக்கு அதில் விலக்கும் இருந்தது. அதே வழியில் அறுப்பு, நடவு இயந்திர வாடகையிலும், வயலைப் பிளாட் போட்டு விற்கும் லாபத்திலும் தீர்வை வாங்கு. சிறு விவசாயியையும் பாட்டக்காரனையும் விட்டுவிடு. அந்த நிதியை நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கு மாதப் பங்காகக் கொடு.

இரண்டு. அரசு மானியத்தில் வாங்கும் இயந்திரங்களை நிலமற்ற தலித் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலில் கொடு. வரப்பில் நிற்கிறவள் மெஷினுக்கு உடைமைக்காரி ஆகட்டும்.

மூன்று. மாவட்டத்தில் நெல் வயல் இன்றைக்கு ஒரு பூவுக்கு ஆறாயிரம் ஹெக்டேர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. மிச்சமெல்லாம் தென்னை, வாழை, ரப்பர், வீட்டுமனை. தரிசையும் உச்சவரம்பு மீறிய நிலத்தையும் கண்டெடுத்து நிலமற்றோருக்குக் கூட்டாகக் கொடு.

நான்கு. சாக்கடைக்கு முதலில் மெஷின். அதை இயக்கும் வேலை, இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு. நிரந்தரமாக, கௌரவமான சம்பளத்தில்.

ஐந்து. 1946ல் வந்த 48 மணி நேரத்தோடு காலம் நின்றுவிடவில்லை. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தை வேலைநேரக் குறைப்பாகக் கொடு, சம்பளத்தைக் குறைக்காதே.

கொடுப்பார்களா? கேட்காமல் கொடுத்ததாகச் சரித்திரமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே தென்திருவிதாங்கூரில், நம் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் களைதான் முளைக்கும் என்று அய்யன்காளி அறைகூவினார். வேலைக்குப் போகாமல் இருந்தே சனம் வென்றது. அன்றைக்கு நம் கையிலிருந்த பலம், நாம் இல்லாமல் வயல் ஓடாது என்பது. இன்றைக்கு வயல் நாம் இல்லாமலும் ஓடும். அதனால் வேலைநிறுத்தம் என்ற பழைய ஆயுதம் மட்டும் போதாது. ஓட்டு, சங்கம், நீதிமன்றம், தெரு என்று எல்லா இடத்திலும் பங்கு கேட்கிற அரசியலை நாம் கட்ட வேண்டும். வேலை இழக்கப்போகும் கம்பெனிக்காரரும் அதில் வந்து நிற்கட்டும். ஆனால் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். நாங்கள் இருபது வருசமாக வரப்பில் நிற்கிறோம்.

கூலி கொடு என்று கேட்ட காலம் ஒன்று. இனி, பாகம் பிரி என்று கேட்போம்.